பார்க்கப் பார்க்க ஏறும் தண்ணீர்

புயல் கரையைக் கடந்த ஒன்பதாம் நாள், மாவட்டத்தில் மற்ற எல்லா ஊர்களிலும் வெள்ளம் வடிந்து, வயலில் அழுகிய பயிரும் ரோட்டோரத்தில் உப்பிப்போன மாடுகளும் மட்டும் மிச்சமாகக் கிடந்தபோது, கோடிமேட்டில் கீழவாடித் தெருவை விட்டு மட்டும் தண்ணீர் போகவில்லை. தெருவின் இந்த முனையிலும் அந்த முனையிலும் அது கண்ணாடி வைத்து அடைத்ததுபோல் செங்குத்தாக நின்றது, பக்கத்துச் சந்துக்கு ஒரு சொட்டும் சிந்தவில்லை, விரலை விட்டால் விரல் நனைந்து வெளியே வந்தது, அவ்வளவுதான். முதல் நாள் ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "சரி, நிக்குது" என்று திரும்பிப் போனார்கள். இரண்டாம் நாள் மீன்காரி ராசாமணி தன் கூடையை அந்தத் தண்ணீர்ச் சுவரின் ஓரமாகக் கொண்டுவந்து வைத்தாள், ஏனென்றால் அங்கே குளுமையாக இருந்தது, ஈயும் மொய்க்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு, உள்ளே மெதுவாகச் சுற்றிவந்த பிளாஸ்டிக் நாற்காலியையும், ஒரு சைக்கிளையும், யார் வீட்டுப் பெண்ணுக்கோ சீர் கொடுத்த பீரோவையும் பார்த்து, இது இன்னார் வீட்டுச் சாமான் என்று பந்தயம் கட்டினார்கள்.

அந்தத் தெருவின் ஏழாவது வீட்டு மொட்டைமாடியில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள்.

அவளை அங்கே உட்காரவைத்தவன் தனிக்கொடி. நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்புக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன், விபத்தும் தீமிதியும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும் அவன் கையால் எழுதப்பட்டுத்தான் அச்சுக்குப் போயின. அந்தப் பதிப்பு பக்கம் குறைந்து குறைந்து ஒருநாள் இல்லாமலே போனபின், சென்னையிலிருந்து நடக்கும் 'நெய்தல் நேரலை' என்ற சேனலுக்குக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறவனாக ஆகியிருந்தான். புயலுக்கு மறுநாள் மீட்புப் படகு வந்தபோது அவனும் அதில் இருந்தான். ஆறு வீட்டுக்காரர்கள் ஏறிவிட்டார்கள். ஏழாவது வீட்டில் தையல்நாயகி, மாடிக்கு ஏறும்போது வழுக்கிக் கணுக்கால் முறிந்து, நகர முடியாமல் கிடந்தாள். அவளைத் தூக்க இரண்டு பேர் எழுந்தபோதுதான் தனிக்கொடி அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அக்கா, ஒரே ஒரு நிமிசம். இவங்கள இறக்கி விட்டுட்டுப் படகு திரும்பி வந்துரும். நீங்க தனியா மாடியில இருக்கிற மாதிரி ஒரு லைவ் போட்டுர்றேன். அப்பத்தான் மேல இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்."

"வந்துருமில்ல தம்பி?"

"வராம எங்கக்கா போவப்போவுது."

அவன் கெட்டவன் இல்லை. அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான், அரிசி கொடுத்த மந்திரியை இன்னொரு தடவை கொடுக்கச் சொல்வார்கள், அழுது முடித்தவளை இன்னொரு தடவை அழச் சொல்வார்கள், அதில் தப்பிருப்பதாக அழுதவளுக்கும் தோன்றியதில்லை. படகு விலக விலக, தண்ணீருக்கு நடுவே சின்னதாகிக்கொண்டே போன ஒரு மாடியையும் அதில் கை காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியையும் அவன் பிடித்த படம் அவ்வளவு நன்றாக வந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷம் முடிந்து படகு திரும்பியபோது இடுப்பளவு நின்ற தண்ணீர் ஜன்னலைத் தாண்டியிருந்தது, உள்ளே சுழல் ஓடியது, படகுக்காரர்கள் முனையிலேயே நின்றுவிட்டார்கள்.

பார்க்கிறவர் கூடினால் தண்ணீர் ஏறும், குறைந்தால் இறங்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கோடிமேட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. மழைக்கு முன் தட்டான் தாழப் பறக்கும் என்பதைக் கண்டுபிடித்தது யார் என்று எவருக்குத் தெரியும், அப்படித்தான் அதுவும். டீக்கடையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒருவன் எண்ணிக்கையைச் சொல்வான், முனையில் நிற்கிறவன் மின்கம்பத்தைப் பார்த்து அளவைச் சொல்வான், இரண்டும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், "இன்னிக்கு எத்தன கண்ணு?" என்று கேட்டுக்கொண்டார்கள். "காலையில முப்பதாயிரம் கண்ணு, இப்ப ஏதோ கிரிக்கெட்டாம், குறைஞ்சிட்டு." கிராம நிர்வாக அலுவலர் தன் தினசரி அறிக்கையில் 'நீர்மட்டம், பார்ப்போர் எண்ணிக்கைக்கு உட்பட்டது' என்று எழுதி அனுப்பினார், அதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் எதுவும் கேட்கவில்லை, அறிக்கை இனிமேல் மதியத்துக்குள் வர வேண்டும் என்று மட்டும் பதில் வந்தது.

ராத்திரியிலாவது கண் குறையும், அப்போது போய்த் தூக்கிவந்துவிடலாம் என்று ஆரம்பத்தில் சிலர் நினைத்தார்கள். ஆனால் ஊர் தூங்கும்போது தூங்காதவர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. குடோன் வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி, பெட்ரோல் பங்கில் வண்டிக்காகக் காத்திருப்பவன், ஆஸ்பத்திரி வார்டில் மற்றவர்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆயா, மூன்றாவது ஷிப்டுக்கு நடுவே கக்கூசில் போய் ஐந்து நிமிஷம் நிற்கும் மில் தொழிலாளி, அவர்களும் தூங்கப்போனால் துபாயில் முகாமுக்குத் திரும்பிய கொத்தனார்கள், அவர்களும் படுத்தால் கனடாவில் பாத்திரம் கழுவி முடித்த பையன்கள்; அவர்களில் யாரும் தையல்நாயகிக்குக் கெடுதல் நினைக்கவில்லை, தங்களைப்போலவே தூங்காமல் இருக்கும் ஒரு முகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான், 'அக்கா தைரியமா இருங்க' என்று எழுதினார்கள், எழுத எழுத மாடிக்குக் கீழே தண்ணீர் அசைந்தது.

அவள் புருஷன் ரெத்தினவேலு கேரளாவில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தவன். கைப்பேசியில்தான் மனைவியைப் பார்த்தான். இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியவன் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சட்டையைக் கழற்றி ராசாமணியிடம் கொடுத்துவிட்டுச் சுவருக்குள் பாய்ந்தான். கடலிலேயே கிடந்தவனுக்கு அந்தத் தெரு எம்மாத்திரம். நாலாவது வீடு வரை நன்றாகத்தான் நீந்தினான். ஆனால் முனையில் நின்ற எல்லாருடைய கையும் உயர்ந்திருந்தது, கையில் கைப்பேசி இருந்தது, 'பொண்டாட்டியைக் காப்பாற்றக் குதித்த கணவன்' என்று யாரோ தலைப்பும் போட்டுவிட்டார்கள், இரண்டு லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், அத்தனை பேரும் அவன் ஜெயிக்க வேண்டும் என்றுதான் பார்த்தார்கள். தண்ணீர் ஒரு ஆள் உயரம் ஒரேயடியாக எழுந்தது. ஐந்தாவது வீட்டுக்கு எதிரே அவன் மூழ்கிப்போனான். மறுநாள் காலை அந்த வீட்டுக்கு எதிர்ச்சந்தின் முனையில் சுவரின் வழியாகப் பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள், பெரியவர்கள் வந்து அங்கே ஒரு தார்ப்பாயைக் கட்டி மறைத்தார்கள்.

அந்த வாரம் நிவாரண லாரிகள் இரண்டு மடங்காக வந்தன.

இதைக் கேட்டு ஊரைத் திட்டுகிறவர்கள் அந்த ஊரை அன்று பார்த்திருக்க வேண்டும். முப்பத்திரண்டு படகும் கரையில் மோதி விறகாகிக் கிடந்தன, வலை எல்லாம் முள்ளுக்காட்டில் சிக்கிக் கிழிந்திருந்தது, தென்னை ஒன்றுகூட நிற்கவில்லை. பக்கத்தில் ஆறு ஊர் அதேபோல் அழிந்திருந்தது, அங்கே தண்ணீர் வடிந்துவிட்டது, அதனால் படம் இல்லை, படம் இல்லாததால் ஒரு மூட்டை அரிசி போகவில்லை. கோடிமேட்டுக்கு மட்டும் பாலும் போர்வையும் ரொட்டியும் பேண்டேஜும் வந்துகொண்டே இருந்தன. ஊர்த் தலைவர் சிங்காரவடிவேல் பஞ்சாயத்தைக் கூட்டினார். ஒருத்தரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. தண்ணீர் கழுத்துக்கு மேல் போனால் அவளுக்கு ஆபத்து, இடுப்புக்குக் கீழே வந்தால் லாரிக்கு ஆபத்து என்று பேசி, மின்கம்பத்தில் நெஞ்சளவுக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டார்கள். வெளியூரிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களிடம் கைப்பேசியை வாங்கிக்கொண்டு, கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுப்பதுபோல் டோக்கன் கொடுத்தார்கள். லைவ் போடும் உரிமை தனிக்கொடிக்கு மட்டும், காலை ஒன்பது மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று. தண்ணீர் கோட்டைத் தாண்டினால் அவன் சும்மா எதையாவது பேச வேண்டும், கோட்டுக்குக் கீழே இறங்கினால் அவளை அழவைக்க வேண்டும்.

"கறிக்கு உப்பு பார்க்கிற மாதிரிதாண்டா கொடி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்றார் சிங்காரவடிவேல்.

தையல்நாயகிக்குச் சோறு ஒரு கயிற்றில் கூடை கட்டிப் போனது. சென்னைச் சேனல் ட்ரோனில் கைப்பேசியும் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் தனிக்கொடிக்குப் போன் பண்ணுவாள்.

"இன்னிக்கு அழணுமா தம்பி, சும்மா உட்கார்ந்தாப் போதுமா?"

"சும்மா உட்காருங்கக்கா. கோடு சரியா இருக்கு."

"அப்ப தலைய வாரிக்கிட்டுமா?"

"வேணாம்க்கா. வாராம இருந்தாத்தான்..." என்பான், மீதியைச் சொல்ல மாட்டான், அவளும் கேட்க மாட்டாள்.

சென்னையிலிருந்து ஹரிணி என்ற பெண் பேசுவாள், சேனலில் இந்தப் பகுதியைப் பார்ப்பவள் அவள்தான், வயசு இருபத்தைந்துகூட இருக்காது, மரியாதையான பிள்ளை. "அண்ணா, நேத்து அவங்க வானத்தைப் பார்த்தாங்கல்ல, அது செமயா போச்சுண்ணா. இன்னிக்கும் அந்த மாதிரி ஒரு தடவை." அவன் சரிம்மா என்பான்.

இப்படியே போயிருந்தால் ஒருவேளை வருஷக்கணக்கில் போயிருக்கும், கோடிமேட்டில் பெண் கொடுக்க வருகிறவர்கள் நெஞ்சளவா இடுப்பளவா என்று விசாரித்துவிட்டு நாள் குறித்திருப்பார்கள். ஆனால் அவள் கணுக்கால் கறுத்துக்கொண்டு வந்தது. "நாத்தம் எனக்கே தாங்கல தம்பி" என்றாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் படத்தில் காலைப் பார்த்துவிட்டுத் தனிக்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு வாரம், அதற்குள் இறக்கவில்லையென்றால் கால் போய்விடும், கால் போகும்போது ஆளும் போய்விடும் என்றார். அன்றைக்குத் தனிக்கொடி சாப்பிடவில்லை. ஒரு நிமிஷம் என்று சொன்ன வாய் அவனுடையது, வேறு யாருடையதும் இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவன் லைவ் போடவில்லை. பார்க்க ஒன்றும் இல்லையென்றால் பார்க்கிறவன் போய்விடுவான் என்று கணக்குப் போட்டான். ஒன்பதே கால் மணிக்கு, 'தையல்நாயகிக்கு என்ன ஆச்சு?' என்று யாரோ எங்கோ உட்கார்ந்து ஒரு வீடியோ போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர். ரெத்தினவேலு நீந்திய படத்தை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துப் போட்டார்கள். பத்து மணிக்குத் தண்ணீர் மாடியின் கைப்பிடிச் சுவரைத் தொட்டது, அவள் ஒற்றைக்காலில் குதித்துக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றாள். தனிக்கொடி அலறியடித்துக்கொண்டு லைவைப் போட்டு, உயிரோடுதான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று ஒன்றரை மணி நேரம் பேசி இறக்க வேண்டியிருந்தது.

மூடினால் தேடுவார்கள் என்பது அவனுக்குப் புரிந்தது. திறந்துவைத்துக்கொண்டே அவர்களை விரட்ட வேண்டும். அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இருபது வருஷத்தில் எதைப் போட்டால் ஜனங்கள் படிப்பார்கள் என்று அவனுக்குச் சரியாகத் தெரிந்ததேயில்லை, அதனால்தான் அவன் இன்னும் சைக்கிளில் போனான். ஆனால் எதைப் போட்டால் படிக்க மாட்டார்கள் என்பது அவனைப்போல் அந்த மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது.

வீட்டுப் பரணிலிருந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்துவந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று மாதம் அலைந்து, நடந்து, மனுப் போட்டு, வரைபடம் வாங்கி அவன் எழுதிய தொடர் அது. கோடிமேட்டு வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் கோணவாய்க்கால் எந்த இடத்தில் எத்தனை அடி அகலம் இருந்தது, இப்போது எத்தனை அடி, எந்த இறால் பண்ணை எந்த வருஷம் அதன் கரையை உடைத்தது, புது ரோடு போட்டவர்கள் ஏழு மதகு வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு வைத்தது ஏன், தூர் வாரியதாக எழுதப்பட்டு வாராமல் விட்ட தூரம் எவ்வளவு, அடுத்த பெரிய மழையில் கீழவாடித் தெரு என்ன ஆகும். பத்திரிகையில் முதல் பகுதியை நாலாம் பக்கத்தின் அடியில் போட்டார்கள். இரண்டாம் பகுதியின் இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தது. மூன்றாம் பகுதி வரவேயில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தனிக்கொடி முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கைப்பேசியைத் தாளுக்கு நேராக நிறுத்தி, தாளும் தன் விரலும் மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, கோணவாய்க்காலை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். முப்பத்தோராயிரம் பேர் இருந்தார்கள். முதல் மதகைத் தாண்டும்போது பத்தொன்பதாயிரம். 'அக்காவைக் காட்டுங்க' என்று எழுதினார்கள். அவன் சர்வே எண்களை வாசித்தான். 'ப்ரோ என்ன இது' என்று எழுதினார்கள். அவன் அரசாணை எண்ணையும் அதன் தேதியையும் அதற்குத் திருத்தமாக வந்த இன்னொரு அரசாணையையும் வாசித்தான். சாயங்காலம் ஆறாயிரம். சிவப்புக் கோடு தண்ணீருக்கு மேலே வந்து, வெயிலில் காய்ந்து நின்றது.

ஹரிணி கூப்பிட்டாள். "அண்ணா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தாம்மா இருக்கேன். தண்ணி ஏன் வந்துச்சுன்னு சொல்றேன்."

"அது முக்கியம்தாண்ணா, நான் இல்லேங்கல. ஆனா அது எப்பவும் இருக்குமில்ல? அக்கா இப்பத்தானே இருக்காங்க."

மூன்றாம் நாள் அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சிங்காரவடிவேல் வந்து நின்றார். கூட இருபது பேர்.

"டேய் கொடி. நேத்து ரெண்டு லாரி. இன்னிக்கு ஒண்ணு. தெரியுமில்ல?"

அவன் கைப்பேசியின் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினான். "மாமா, அவ கால் அழுகிப்போவுது. ஒரு வாரம்கூடத் தாங்காதுன்னு நர்சம்மா சொல்லிட்டாங்க."

"அவ எனக்கும் மருமவ முறைதாண்டா. நானா வேண்டாங்கிறேன்? முந்நூறு வூடு இருக்கு இங்க. ஒரு காலுக்கு முந்நூறு அடுப்பா? பத்து நாள் பொறு, படகுக்கு எழுதிக் கொடுத்திருக்கு, அது வந்துரட்டும்."

"பத்து நாள்ல செத்துருவா மாமா."

ராசாமணி கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னாள், குரலில் கோபமே இல்லை: "செத்தா மட்டும் கண்ணு கொறையுமாடா? இப்ப நீ என்னத்துக்கு வாய்க்காலப் பத்திப் படிக்கிற? வாய்க்கா எங்களுக்குத் தெரியாதா, அதுலதான் பேலுறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தனிக்கொடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேனலின் கடவுச்சொல் அவனிடமும் ஹரிணியிடமும் மட்டும் இருந்ததால் அவனை அடித்தும் பிரயோஜனம் இல்லை. அதனால் அவர்கள் வேறு வழி பார்த்தார்கள்: மறுநாள் அவனுக்குப் பின்னால் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். குரலைக் கேட்டுக் கண் பன்னிரண்டாயிரம் வரை ஏறியது. ஆனால் தாளை விட்டு வேறெதையும் அவன் காட்டாததால், ஒப்பாரிக்கும் மதகு நீளத்துக்கும் நடுவே எதைக் கேட்பது என்று தெரியாமல் ஜனங்கள் சலித்துப்போனார்கள், ஒப்பாரி வைத்தவர்களுக்கும் தொண்டை கட்டியது, தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கியது. கண் ஆயிரத்து இருநூறில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவேயில்லை. எதையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரத்து இருநூறு பேர் எங்கேயோ இருந்தார்கள். நர்ஸ் சொன்ன வாரத்தில் இரண்டு நாள்தான் பாக்கி. இடுப்பளவுத் தண்ணீரில் போய்த் தூக்கலாம்தான், ஆனால் தூக்கப் போகிறவனைப் பார்க்க எத்தனை லட்சம் வரும் என்பதை ஐந்தாவது வீட்டுக்கு எதிரே தொங்கிய தார்ப்பாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று தனிக்கொடி வேண்டிக்கொண்டான். என்ன வேண்டிக்கொண்டான் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வேறெங்காவது, இதைவிடப் பெரிதாக, ஏதாவது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

நடந்தது. மறுநாள் மத்தியானம் மலைப்பக்கத்தில் எங்கோ ஒரு சரிவு இடிந்து தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகள்மேல் விழுந்தது. ஹரிணி மூச்சு வாங்கப் பேசினாள். "அண்ணா, சாரிண்ணா, உங்க ஸ்லாட் கட். எல்லாரையும் மலைக்கு அனுப்புறோம். உள்ள நாப்பது பேர்ண்ணா, ஒரு பாப்பா கை மட்டும் வெளிய தெரியுது."

"அப்படியாம்மா" என்றான் தனிக்கொடி. சந்தோஷத்தில் அவன் குரல் உடைந்தது. துக்கத்தில் உடைந்ததாக ஹரிணி நினைத்துக்கொண்டு, "ஆமாண்ணா" என்று தானும் அழுதாள்.

ஊருக்கு வந்துகொண்டிருந்த லாரிகள் பாதி வழியில் மலைப்பக்கம் திரும்புவதாகச் செய்தி வந்து, சிங்காரவடிவேல் உட்பட அத்தனை பேரும் அவற்றை மறிக்க மெயின்ரோட்டுக்கு ஓடினார்கள். ராசாமணிகூடக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தெருமுனையில் தனிக்கொடியும் ஸ்டூலும் கோப்பும் மட்டும். ஸ்லாட் போனாலும் லைவ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை நிறுத்தினால் தேடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாம் பகுதியை எடுத்தான், அச்சில் வராத பகுதி. எண்ணூறு. முந்நூறு. கடல்மட்டத்துக்கும் வாய்க்கால் முகத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை வாசித்தபோது அறுபது. சுவர் இப்போது சுவராக இல்லை, முழங்கால் உயரத்தில் ஒரு ஓரம், அதுவும் கரைந்துகொண்டிருந்தது, பீரோ மல்லாக்கச் சேற்றில் படுத்தது, கெண்டைகள் துள்ளின. பதினொன்று. நாலு. ஒன்று.

அந்த ஒன்று போகவில்லை. அவன் மதகுகளின் பட்டியலை மறுபடியும் வாசித்தான், போகவில்லை. இன்னொரு கைப்பேசி அடித்தது, அவனுடைய பழைய பட்டன் போன்.

"தம்பி, நாந்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றாள் தையல்நாயகி. "ஏழு மதகு வைக்கிற எடத்துல ரெண்டா வச்சானுவோ?"

"ஆமாக்கா."

"அத ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னேன்க்கா."

"சரி, நான் அணைச்சிட்டு எறங்கட்டுமா?"

"அணைச்சிருங்கக்கா. மெதுவா எறங்குங்க. நான் வர முடியாது, படிக்கிறத நிறுத்தக் கூடாது."

பூஜ்யம். கைப்பேசியின் மூலையில் அந்த வட்டத்தை லைவ் போட ஆரம்பித்த நாளிலிருந்து அவன் பார்த்ததே இல்லை. உலகத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு, பிறகு அதுவும் இல்லாமல் வெறும் சேறு, சேற்றில் சாயங்கால வெயில். அவன் வாசித்துக்கொண்டே இருந்தான், உதடு மட்டும் வாசித்தது. ஏழாவது வீட்டு இரும்பு ஏணியில் தையல்நாயகி படிபடியாக உட்கார்ந்து நகர்ந்து இறங்கினாள், டிஷ் ஆன்டெனாவின் கம்பியை ஊன்றி எழுந்து நின்றாள், ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி. ஆறாவது வீடு. ஐந்தாவது வீட்டுக்கு எதிரே தார்ப்பாயின் அருகில் நின்று அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். நாலாவது வீடு. முப்பது நாளாக வாராத தலை காற்றில் பறந்தது, புடவை முழங்கால் வரை சேறு, முகத்தில் நேராக வெயில் விழுந்தது, அவள் சிரித்தாள், தரை காலுக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மனுஷி சிரிக்கிற சிரிப்பு, அதைத் தனிக்கொடி அதற்கு முன்னால் எங்கேயும் பார்த்ததில்லை, இனிமேல் பார்க்கப்போவதும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்த அந்தக் கணத்தில் அவன் கை ஸ்டூலிலிருந்து கைப்பேசியை எடுத்து அவள் பக்கம் திருப்பியிருந்தது.

அவன் திருப்பவில்லை என்றுதான் அவன் கடைசிவரை நம்பினான்.

ஒன்று. அந்த ஒருவர் யாருக்கோ அனுப்பியிருக்க வேண்டும். நாற்பது. ஆயிரத்து நூறு. மலையில் மண்ணைத் தோண்டுவதைப் பார்த்துக் களைத்திருந்தவர்கள் எல்லோரும், ஒரு நல்ல செய்தி, ஒரே ஒரு நல்ல செய்தி என்று ஓடிவந்தார்கள், எழுபதாயிரம், 'அக்கா நடக்கிறாங்க', 'கடவுளே', 'கண்ணுல தண்ணி வருது' என்று எழுதினார்கள். தண்ணீர் பக்கத்திலிருந்து வரவில்லை. சேற்றுக்குள்ளிருந்தே, எண்ணிக்கைக்குச் சற்றுப் பின்தங்கி, அடுப்பில் வைத்த பால்போல், சத்தமில்லாமல் எழும்பி வந்தது. அவள் குனிந்து முழங்காலைப் பார்த்தாள். நிமிர்ந்து அவன் கையைப் பார்த்தாள்.

"தம்பி" என்றாள். "அத அந்தாண்ட திருப்பு."

மூன்று வீடு தூரம்தான். குரல் தெளிவாகக் கேட்டது. திருப்பக்கூட வேண்டாம், கட்டைவிரலை எடுத்து வைத்து மறைத்தால் போதும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. இடுப்பு. இரண்டு லட்சம். அவள் கம்பியை விட்டுவிட்டாள். நெஞ்சு. மூன்று லட்சத்து நாற்பதாயிரம். திரையில் சின்னச் சின்ன இதயங்கள் கீழிருந்து கூட்டம் கூட்டமாக மிதந்து ஏறி அவள் முகத்தை மறைத்தன, முகம் தெரிவதற்காக அவன் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தான்.

"தம்பீ..."

மெயின்ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது, லாரிகள் திரும்பி வருவதாக யாரோ கத்தினார்கள். தனிக்கொடி அழுதுகொண்டிருந்தான், தோள் குலுங்கியது, தாடை குலுங்கியது. படம் ஆடவில்லை.